பௌத்த இல்லத்தில் பிறந்த நாள்



குழந்தை பிறந்த நாளைப் பௌத்தர்கள் கொண்டாடலாமா? கொண்டாடுவதாயின் எவ்வண்ணம் கொண்டாடுவது? இவ்வினா பார்வைக்குச் சிறியது. ஆயினும் தம்மத்தைத் தழுவிய குடும்பங்களில் இதனினும் அடிக்கடி எழும் வினா வேறொன்று இல்லை. திருமணம் வாழ்வில் ஒருமுறை வருவது. ஈமக்கடனும் ஒருமுறையே வருவது. அவ்விரண்டையும் பிக்குகளையோ சங்கத்துப் பெரியோரையோ அழைத்து முறைப்படி நடத்தக் கற்றுக்கொண்டோம். பிறந்த நாளோ ஆண்டுதோறும் வருகின்றது. இல்லத்திலுள்ள ஒவ்வொருவர்க்கும் வருகின்றது. அதனை நடத்திக் கொடுக்க வெளியிலிருந்து எவரும் வருவதில்லை. அன்று நம் இல்லம் எவ்வாறு நடந்துகொள்கிறதோ, அதுவே நாம் தழுவிய சமயம் நம் அடுக்களை வரை வந்து சேர்ந்ததா என்பதைக் காட்டிவிடும்.

அன்று நம் வீடுகளில் நிகழ்வது யாது? பாட்டியார், "பிள்ளையின் நட்சத்திரத்தைச் சொல்லிக் கோவிலில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வாருங்கள்" என்கிறார். பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளை, தன் தோழர் வீட்டில் கண்டது போலக் கேக்கும் மெழுகுவத்தியும் வேண்டும் என்கிறது. தம்ம நூல்களைக் கற்ற இளைஞரோ, "பிறப்பே துக்கம் என்று பகவன் அருளியிருக்க, அதற்கு ஒரு விழாவா?" என்று கேட்கிறார். இம்மூவர்க்கும் நடுவே தாய், அடுப்பில் உலையை வைத்துவிட்டு யார் சொல்லைக் கேட்பது என்று நிற்கிறாள். இம்மூவர்க்கும் உரிய விடையைத் தம்மத்தின் வழி நின்று ஆராய்வோம்.

முதற்கண் இளைஞரின் வினாவை எடுத்துக்கொள்வோம். அவர் கூறுவதில் பிழையில்லை. நான்கு வாய்மைகளுள் முதலாவதை விளக்குமிடத்துப் பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு ஆகியவற்றைத் துக்கமென்றே பகவன் எண்ணிக் காட்டினார். பிறப்பு இன்றேல் ஏனைய மூன்றும் இல்லை. ஆயினும் அதே பகவன், மானிடப் பிறவி கிடைத்தற்கு எத்துணை அரியது என்பதற்கு ஓர் உவமை கூறினார். பெருங்கடலில் ஒற்றைத் துளையுடைய நுகத்தடி ஒன்று காற்றின் போக்கில் அலைகின்றது. அக்கடலின் அடியில் வாழும் குருட்டு ஆமை ஒன்று நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலே வருகின்றது. அவ்வாமையின் தலை அந்நுகத்தடியின் துளைக்குள் நுழைவது எவ்வளவு அரிதோ, தீய நிலையில் வீழ்ந்த ஓர் உயிர் மீண்டும் மானிடப் பிறவி எய்துவது அதனினும் அரிது என்றார். துக்கத்தை அறிவதும், அதன் காரணத்தை ஆராய்வதும், அது நீங்கும் வழியில் நடப்பதும் மானிடப் பிறவிக்கே வாய்த்தவை. நோயாளியானவன் தன் நோயைக் கொண்டாட மாட்டான். தன் நோய்க்கு மருந்துண்டு என்று அறிந்த நாளை மறக்கவும் மாட்டான். பௌத்தர்கள் பிறந்த நாளை நினைப்பதும் இவ்வகையினதே.

இளைஞரின் வினாவிற்குள் மற்றொரு வேதனையும் மறைந்து கிடக்கின்றது. நம் மக்களுக்குப் பிறப்பு என்னும் சொல் நெடுங்காலம் ஒரு வசைச் சொல்லாகவே இருந்தது. மற்றவர்க்குப் பிறப்பினால் வரும் துக்கம் மூப்பும் பிணியும். நமக்கோ பிறந்த கணமே பூட்டப்பட்ட விலங்கு ஒன்று இருந்தது. எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாம், எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தப் பெயரால் அழைக்கப்படலாம் என்பதெல்லாம் தொட்டிலிலேயே முடிவு செய்யப்பட்டன. அத்தகைய பிறப்பை நினைந்து விழா எடுக்க யாருக்கு மனம் வரும்? நம் முன்னோர் பலர்க்குத் தாம் பிறந்த தேதியே தெரியாது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் கோலார் தங்கவயலுக்குச் சென்று, மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் லைன் வீடுகளில் குடியேறிய மக்களுள், பஞ்சத்தைச் சொல்லியும் கொள்ளைநோயைச் சொல்லியும் தம் வயதைக் கணக்கிட்டவர்கள் பலர். "பிளேக் வந்த ஆண்டில் நீ கைக்குழந்தை" என்பதே ஒருவர்க்குக் கிடைத்த ஜாதகம். பள்ளியில் சேர்க்கும் அன்று ஆசிரியர் தம் மனத்திற்குத் தோன்றிய ஒரு தேதியை எழுதினார். ஆயுள் முழுவதும் அதுவே பிறந்த தேதியாயிற்று. அச்சுரங்கம் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆயினும் தேதியில்லாப் பிறப்புடைய பெரியோர் இன்றும் நம் இல்லங்களில் இருக்கின்றனர். பேரனுக்கு விழா எடுக்கும் வீட்டில், தமக்கென ஒரு நாள் இல்லாத பாட்டனார் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கும் சேர்த்தே நாம் விடை காண வேண்டும்.

அவ்விடை தம்மத்தில் உண்டு. அங்குலிமாலரின் வரலாற்றை நாம் அறிவோம். வழிப்போக்கரைக் கொன்று அவர்தம் விரல்களை மாலையாக அணிந்த கொடியவராயிருந்து, பகவனின் சொல்லால் மனந்திரும்பிப் பிக்குவானவர் அவர். ஒருநாள் சாவத்தி நகரில் அவர் பிக்ஷைக்குச் செல்லுங்கால், மகப்பேற்று வேதனையால் துடிக்கும் ஒரு பெண்ணைக் கண்டார். உள்ளம் உருகித் திரும்பி வந்து பகவனிடம் உரைத்தார். பகவன் அவரை நோக்கி, "நீ சென்று, நான் பிறந்த நாள் முதல் எவ்வுயிரையும் அறிந்து கொன்றதில்லை, இவ்வாய்மையால் உனக்கும் உன் கருவிற்கும் நலம் உண்டாகுக என்று அவளிடம் சொல்" என்னும் கருத்துப்படப் பணித்தார். அங்குலிமாலர் திகைத்தார். தாம் எத்தனை உயிர்களைக் கொன்றவர்! அது பொய்யாகாதா என்று கேட்டார். அப்பொழுது பகவன் அவ்வாய்மொழியில் ஒன்றைச் சேர்த்தார்: பிறந்த நாள் முதல் என்னாது, ஆரியப் பிறப்பு எய்திய நாள் முதல் என்று சொல்லச் செய்தார். அவரும் அவ்வாறே சென்று உரைத்தார். தாயும் சேயும் நலம் பெற்றனர்.

இங்கு ஆரியம் என்பது இனத்தையோ குலத்தையோ குறிப்பதன்று. மேன்மையான ஒழுக்கத்தைக் குறிப்பது. உடலால் பிறந்தது ஒரு பிறப்பு. அறத்தில் பிறந்தது மற்றொரு பிறப்பு. முன்னது எவர் கையிலும் இல்லை. பின்னது ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. உலகமே அஞ்சிய ஒருவருக்குக்கூடக் குற்றமற்ற ஒரு பிறந்த நாளைப் பகவன் அளித்தார் எனில், குற்றமேதும் செய்யாது இழிவு சுமத்தப்பட்ட நம் முன்னோர்க்கு அதனை மறுப்பார் யார்?

சங்கத்தின் வழக்கமும் இதனையே உணர்த்தும். பிக்குகளின் மூப்பு உடலின் வயதால் கணக்கிடப்படுவதன்று. துறவேற்ற பின் கழித்த மழைக்காலங்களால் கணக்கிடப்படுவது. நேற்றுத் துறவேற்ற அறுபது வயதினர், முன்னரே துறவேற்ற இருபத்தைந்து வயதினரை வணங்குவர். சாக்கிய குலத்து இளவரசர்கள் துறவேற்க வந்தபோது, தங்கள் குலச்செருக்கு அடங்கும்பொருட்டு, தங்களுடன் வந்த நாவிதரான உபாலிக்கு முதலில் துறவளிக்குமாறு பகவனை வேண்டினர். அவ்வண்ணமே உபாலி மூத்தவரானார். இளவரசர்கள் அவரை வணங்கினர். அவரே பின்னர் விநயத்தில் தலைசிறந்தவராகப் போற்றப்பட்டார்.

நம் காலத்து வரலாறும் இதற்குச் சான்றாகும். 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மௌ நகரில் பிறந்த பாபாசாகேப் அம்பேத்கர், தாம் பிறந்த சமயத்திலேயே இறக்கப் போவதில்லை என்று 1935ஆம் ஆண்டில் இயோலாவில் அறிவித்தார். இருபத்தோராண்டுகள் சென்றபின், 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். அன்று அவர் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள், தாம் அன்று மறுபிறப்பு எய்தியதாக நம்புவதும் ஒன்று. அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார். அறத்தில் பிறந்த பிறப்பைக் கணக்கிட்டால் இரண்டு திங்களும் நிறையவில்லை. ஆயினும் அச்சிறு காலத்தின் பயன் இன்றளவும் நம் இல்லங்களில் விளக்காக எரிகின்றது. அவருக்கு முன்னரே, 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்த பண்டித அயோத்திதாசர் 1898ஆம் ஆண்டில் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்று வந்து, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் கிளைகள் தங்கவயலிலும் வேறு இடங்களிலும் பரவின. இவ்விருவர் வாழ்விலும் இரண்டு பிறந்த நாட்கள் உண்டு. ஒன்று தாயார் அளித்தது. மற்றொன்று தாமே தேடிப் பெற்றது.

ஆகவே தேதியறியாத நம் பாட்டனாரிடம் நாம் கூறவேண்டியது இதுவே: "ஐயா, தாங்கள் பஞ்சசீலம் ஏற்ற நாளே தங்கள் பிறந்த நாள். அன்று தங்களை வணங்கி வாழ்த்துப் பெறுவோம்." சீலம் ஏற்ற நாளும் நினைவில் இல்லையாயின், வைகாசி முழுநிலா நாள் அனைவர்க்கும் பொதுவாக உள்ளது. பகவன் பிறந்த நாளில் தாமும் பிறந்ததாகக் கொள்வதற்கு எவர் தடை சொல்வார்?

இனிப் பாட்டியாரின் சொல்லை எண்ணுவோம். நட்சத்திரமும் நல்ல நேரமும் பார்த்தே பிள்ளையை வாழ்த்த வேண்டும் என்பது அவர் எண்ணம். நட்சத்திர ஜாதகம் என்றொரு கதை உண்டு. நகரத்தார் ஒருவர் தம் மகனுக்கு நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றில் பெண் பேசி, திருமண நாளும் குறித்தனர். பின்னரே தம் வீட்டிற்கு வந்துபோகும் ஆசீவகத் துறவியிடம், அந்நாளின் நட்சத்திரம் நன்றோ என்று வினவினர். தம்மை முன்னரே கேட்கவில்லை என்று சினங்கொண்ட அவர், நட்சத்திரம் தீது, அன்று மணம் செய்தால் பெருங்கேடு வரும் என்றார். நகரத்தார் அன்று செல்லவில்லை. அங்கே சோறாக்கிப் பந்தலிட்டுக் காத்திருந்த பெண் வீட்டார், சொன்ன நாளில் வாராதவர் நமக்கு எதற்கு என்று வேறொருவர்க்கு மணம் முடித்துக் கொடுத்தனர். மறுநாள் வந்தவர்கள் வெறுங்கையுடன் திரும்பினர். அங்கிருந்த அறிவுடையோர் ஒருவர், கிடைத்த நன்மையே நல்ல நட்சத்திரம், வானத்து மீன்கள் என்ன செய்யும் என்னும் கருத்துப்பட உரைத்தார். துறவியின் சினம் நட்சத்திரத்தின் சினமாக மாறிய விதத்தைக் கவனியுங்கள். நம் மக்களின் தலைவிதி என்று சொல்லப்பட்டவற்றுள் எத்தனை, இவ்வாறு மனிதர் சினத்தாலும் தன்னலத்தாலும் எழுதப்பட்டவை!

ஆயினும் ஒன்றை மறவாதிருப்போமாக. பாட்டியார் அர்ச்சனையை வேண்டுவது பிள்ளையின் மீதுள்ள அன்பினால். அவ்வன்பைப் பழித்தல் தம்மமாகாது. 22 உறுதிமொழிகளை ஏற்றவர், பிராமணரைக் கொண்டு சடங்கு செய்விப்பதில்லை என்னும் சொல்லைக் காத்தல் வேண்டும். அதில் தளர்ச்சி கூடாது. அவ்வுறுதிமொழியை ஏற்காத முதியவரை அதட்டுவதும் கூடாது. தந்தையை ஒரு தோளிலும் தாயை ஒரு தோளிலும் நூறாண்டு சுமந்து பணி செய்தாலும் அவர்தம் கடன் தீராது என்றும், நம்பிக்கையிலும் ஒழுக்கத்திலும் ஈகையிலும் அறிவிலும் அவர்களை நிலைபெறச் செய்தவனே அக்கடன் தீர்த்தவன் என்றும் பகவன் போதித்துள்ளார். நிலைபெறச் செய்வது வாதினால் ஆகாது. பிறந்த நாள் காலையில், பிள்ளையைப் பாட்டியார் மடியில் இருத்தி, அவர் கையாலேயே புத்தர் திருவுருவின் முன் விளக்கேற்றச் சொல்லுங்கள். "ஆயுளும் பொலிவும் சுகமும் வலிமையும் பெறுக" என்று அவரையே வாழ்த்தச் சொல்லுங்கள். தமக்கு இடமில்லாத சமயம் என்று அஞ்சியிருந்தவர், தமக்கே முதலிடம் தரும் சமயம் இது என்று காண்பார். அர்ச்சனைச் சீட்டைப் பற்றிய பேச்சு தானே குறையும். குறையாவிடினும் வீட்டில் பகை வளராது.

பிறந்த நாள் பிள்ளைக்குரியது என்று எண்ணுகிறோம். அது முதற்கண் தாய்க்குரியது. மாயாதேவியார் தம் தாய்வீட்டிற்குச் செல்லும் வழியில், லும்பினிச் சோலையில், மரத்தின் கீழ் மகவீன்றார். ஏழாம் நாள் அவர் மறைந்தார். தாயை இழந்த குழவியைப் பாலூட்டி வளர்த்தவர் சிற்றன்னை மகா பிரஜாபதி கௌதமியார். உலகிற்கு அறவொளி ஈந்தவருடைய பிறந்த நாளிற்குப் பின்னேயும் ஒரு தாயின் உயிர் இருந்தது; மற்றொரு தாயின் உழைப்பு இருந்தது. ஆதலால் பிறந்த நாளில் பிள்ளை முதலில் வணங்க வேண்டியது தன் தாயை. தாய் இல்லையேல், வளர்த்தவர் எவரோ அவரை. இலங்கை, பர்மா முதலிய நாடுகளில் கருவுற்ற தாயர் நலம் கருதி அங்குலிமாலப் பரித்தத்தை ஓதுவர். அப்பரித்தம் அறிந்தோர் பிறந்த நாளிலும் அதனை ஓதி, மகப்பேற்றை எதிர்நோக்கியுள்ள எல்லாத் தாய்மார்க்கும் நலம் வேண்டலாம். அன்று ஒரு நாளேனும் தாயை அடுக்களையிலிருந்து விடுவித்து, ஏனையோர் சமைத்து அவளை முதலில் அமர்த்திப் பரிமாறுங்கள். அது எந்தப் பூசையினும் குறைந்ததன்று.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறல் வேண்டும். விழா என்றால் விருந்து. விருந்தில்லாத விழாவைப் பிள்ளைகள் விழாவாகக் கொள்ளார். தம்மம் உணவைப் பழிப்பதில்லை. உடலை வாட்டிப் பயனில்லை என்று தெளிந்த போதிசத்துவர், சுஜாதை என்னும் இல்லறப் பெண் அளித்த பாற்சோற்றை உண்டே போதியின் கீழ் அமர்ந்தார். உணவளிப்பவன் ஐந்து பொருள்களை அளிக்கிறான் என்று பகவன் கூறினார்: ஆயுள், மேனிப் பொலிவு, சுகம், வலிமை, அறிவுத் தெளிவு. அளித்தவனும் அவ்வைந்தையும் பெறுகிறான். நாம் பிள்ளைக்கு ஆயுளை வேண்டி வாழ்த்துகிறோம். ஆயுள் பெறும் வழி பிறர்க்கு ஆயுள் அளிப்பதே என்பது தம்மத்தின் முடிவு.

இதற்குத் தமிழிலேயே ஓர் அரிய வரலாறு உண்டு. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் ஆபுத்திரன் என்பான் ஒருவன் வருகிறான். தாய் அவனைப் பெற்று ஒரு தோட்டத்தில் விட்டுச் சென்றாள். பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. ஓர் அந்தணர் எடுத்து வளர்த்தார். வேள்விக்குக் கட்டப்பட்ட பசுவை அவன் இரக்கத்தால் அவிழ்த்து விட்டபோது, அவன் பிறப்பைச் சொல்லி இழித்துரைத்தனர். முனிவர் பலரின் பிறப்பை எடுத்துக்காட்டி அவன் மறுமொழி கூறினான். வளர்த்தவரும் கைவிட்டார். அவன் மதுரைக்குச் சென்று, இரந்து பெற்ற சோற்றைக் குருடர்க்கும் முடவர்க்கும் பிணியாளர்க்கும் ஊட்டி, எஞ்சியதையே தான் உண்டான். அவனுக்குக் கிடைத்ததே அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. அவன் அதனை மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் விட்டான். அது ஆண்டிற்கு ஒருமுறை நீரின் மேல் தோன்றும். எந்நாளில் தெரியுமா? வைகாசித் திங்களில் புத்தர் பிறந்த நாளில்! அந்நாளில் அதனைப் பெற்ற மணிமேகலை, ஆதிரையிடம் முதற் பிச்சை ஏற்றுப் பசியாளர் அனைவர்க்கும் ஊட்டினாள். சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றினாள்.

இவ்வரலாற்றை எண்ணுந்தோறும் நம் உள்ளம் நெகிழ்கின்றது. ஆபுத்திரனுக்கு எவரும் பிறந்த நாள் கொண்டாடவில்லை. பிறப்பைச் சொல்லியே அவனை ஊரைவிட்டு விரட்டினர். ஆயினும் அவனுடைய பாத்திரம் புத்தரின் பிறந்த நாளில் வெளிவந்து ஊரார் பசியைத் தீர்த்தது. பிறப்பால் இகழப்பட்டவன் பசியை நன்கறிவான். ஆதலால் பிறர் பசியையும் அறிவான். நம் இல்லங்களும் அப்பாத்திரத்தின் வழிவந்தவை அல்லவா? பிறந்த நாளில் வீட்டார் உண்பதற்கு முன், ஓர் இலையேனும் ஒரு பொட்டலமேனும் பசித்த ஒருவர்க்குச் சென்று சேரட்டும். அதனைப் பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். கொடுக்குங்கால் எதிரே நிற்பவரை "ஐயா", "அம்மா" என்று விளித்துக் கொடுக்கக் கற்பியுங்கள். பாயசமாயினும் சரி, கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்புமாயினும் சரி, நாம் உண்பதையே கொடுத்தல் வேண்டும். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை உண்ணுதல் ஈகையாகாது.

லும்பினியில் அசோக மன்னர் செய்ததும் இங்கு நினைக்கத் தக்கது. முடிசூடி இருபது ஆண்டுகள் சென்றபின் அவர் அங்குத் தாமே வந்து வழிபட்டுக் கற்றூண் நிறுவினார். 1896ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட அத்தூணின் எழுத்துகள், பகவன் பிறந்த ஊராதலின் அவ்வூரார் செலுத்திவந்த வரி ஒன்றை நீக்கி, விளைச்சலில் எட்டிலொரு பங்கே செலுத்துமாறு குறைத்ததைக் கூறுகின்றன. ஒரு பிறப்பைப் போற்ற வந்த பேரரசர் அவ்வூர் உழவரின் சுமையைக் குறைத்துச் சென்றார். நம்மால் வரியைக் குறைக்க இயலாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு குறிப்பேடு வாங்கித் தர இயலும்.

இதனுடன் இரண்டு எச்சரிக்கைகள். ஓர் உயிர் வந்த நாளை மற்றோர் உயிர் போகும் நாளாக்குதல் பொருந்தாது. ஆதலால் அன்றைய விருந்திற்கென நம் வீட்டில் ஆடோ கோழியோ அறுபட வேண்டா. புலால் உண்பாரை இகழ்தல் நம் கருத்தன்று. மாட்டிறைச்சி உண்டதையே காரணமாக்கி ஒரு மக்கட்கூட்டத்தைத் தீண்டத்தகாதார் ஆக்கிய விதத்தைப் பாபாசாகேப் 1948ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே எழுதியுள்ளார். பிறர் இலையை எட்டிப் பார்த்து அவர் குலத்தை அளக்கும் வழக்கம் நம்மிடம் புகலாகாது. நாம் கேட்பதெல்லாம், முதற் சீலத்தை அன்று ஒருநாளேனும் முழுமையாக நினைவிற்கொள்ள வேண்டும் என்பதே.

மற்றொன்று கடன். இல்லறத்தானுக்குரிய நான்கு இன்பங்களுள் கடனின்மையையும் ஒன்றாகப் பகவன் எண்ணினார். முதலாண்டுப் பிறந்த நாளுக்கு மண்டபம் பிடித்து, ஒலிபெருக்கி கட்டி, கந்துவட்டிக்குப் பணம் வாங்கி ஊரழைத்து விருந்திடும் வழக்கம் நம் மக்களிடையே பரவி வருகின்றது. அன்று கைதட்டியவர்கள் வட்டி கட்ட வருவதில்லை. தங்கவயலிலிருந்து விடியற்காலையில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் தந்தை, பிள்ளையின் இரண்டாம் பிறந்த நாள் வரும்போதும் முதற் பிறந்த நாளின் கடனை அடைத்துக்கொண்டிருப்பது தகுமா? பிள்ளைக்கு நாம் அளிக்கும் முதற் பரிசு கடனாயிருத்தல் வேண்டா. அவ்விருந்தின் செலவில் நாலிலொரு பங்கைப் பிள்ளையின் பெயரால் அஞ்சலகத்தில் சேமித்து வைப்பின், அது கல்விக்காம்.

மூன்றாமவராகிய பிள்ளையின் கோரிக்கை எஞ்சி நிற்கின்றது. கேக் வெட்டுவதில் குற்றமொன்றும் இல்லை. அது மாவும் சர்க்கரையுமான தின்பண்டம். தோழரோடு பகிர்ந்துண்பதும் ஈகையின் முதற் பாடமே. அதற்கு முன் புத்தர் திருவுருவின் எதிரே, நிறைந்த வயதிற்கு ஓர் அகலாக, பிள்ளையே விளக்கேற்றட்டும். பிறகு குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லுங்கள். ஒவ்வொரு பிறந்த நாளிலும் ஒரு சீலத்தை எடுத்து, அவ்வாண்டு முழுவதும் அதனையே சிறப்பாகக் காக்குமாறு பிள்ளைக்கு எளிய சொற்களால் விளக்குங்கள். இவ்வாண்டு எறும்பையும் நாய்க்குட்டியையும் துன்புறுத்தாமை. அடுத்த ஆண்டு பிறர் பொருளைக் கேளாது எடாமை. அதற்கடுத்த ஆண்டு பொய் சொல்லாமை. இவ்வாறு வளரும் பிள்ளைக்கு வயதோடு ஒழுக்கமும் கூடும்.

இரவு விருந்தினர் சென்றபின், விளக்கு அணையுமுன், பெரியவர்கள் சிறிது நேரம் அமைதியாக அமர்தல் நன்று. இல்லறத்தாரும் துறவியரும் ஆணும் பெண்ணும் இடைவிடாது சிந்திக்கத் தக்கவை என ஐந்தினைப் பகவன் அருளினார். முதுமை எனக்கும் வரும். பிணி எனக்கும் வரும். சாவு எனக்கும் வரும். அன்புடைய அனைவரையும் அனைத்தையும் ஒருநாள் பிரிவேன். நான் செய்த வினை ஒன்றே எனக்கு உடைமையாகும். பிறந்த நாளில் சாவை எண்ணுவதா என்று சிலர் மனம் கலங்கலாம். ஆண்டொன்று கூடியது என்று நாம் மகிழும் அதே நாளில் ஆண்டொன்று கழிந்தும் போயிற்று. இதனை அறிந்தவர் இல்லத்தாரிடம் கடுஞ்சொல் கூறத் தயங்குவர். பேசாதிருந்த உடன்பிறந்தாரிடம் பேசத் துணிவர். நாளை செய்வோம் என்றிருந்த நன்மையை இன்றே செய்வர். சென்ற ஆண்டு நம்முடன் இலையிட்டு அமர்ந்தவர் ஒருவர் இவ்வாண்டு இல்லாதிருக்கலாம். அவரை நினைந்து அன்றைய புண்ணியத்தை அவர்க்கும் பகிர்ந்தளியுங்கள்.

ஆண்டில் ஒரு நாள், ஓர் இல்லம், ஒரு விளக்கு, ஒரு பானைச் சோறு. இதற்கு மேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை. சங்கத்தின் கூட்டத்திற்கு ஆண்டுதோறும் வந்து போகும் குடும்பத்தைவிட, தன் பிறந்த நாட்களை இவ்வாறு நடத்தும் குடும்பத்தில் தம்மம் வேரூன்றி நிற்கும். பாட்டியார் வாழ்த்த, தாய் முதலில் உண்ண, பசித்தவர் பங்கு பெற, பிள்ளை ஒரு சீலம் ஏற்க, பாட்டனார் தமக்கும் ஒரு பிறந்த நாள் உண்டென்று மகிழ, இளைஞர் துக்கத்தை அறிந்தும் மனந்தளராதிருக்க, அவ்வில்லத்தில் பிறந்த நாள் வந்தது எனலாம்.

பிறப்பின் பேரால் நம்மைத் தாழ்த்தியவர்களுக்கு நம் விடை இதுவே: நாங்கள் எங்கே பிறந்தோம் என்பதை நீங்கள் கேட்டீர்கள், பிறந்த பின் என்ன செய்தோம் என்பதை எங்கள் பிள்ளைகள் சொல்வார்கள்.

எல்லா இல்லங்களிலும் தம்ம விளக்கு ஓங்குக! எல்லா உயிர்களும் நலம் பெறுக!

சாது! சாது! சாது!